நர்சிங் சீட் கிடைக்காவிட்டால்?

கேள்வி: சிஸ்டர், வணக்கம். பள்ளிப் படிப்பு முடிந்து ஓராண்டு ஆகிறது. போன வருடம் நான்கு ஆண்டு நர்சிங் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தேன். வெயிட்டிங் லிஸ்ட்டில் 41-வது பெயர். என் முறை வரவே இல்லை. இந்த வருடம் மூன்று கல்லூரிகளுக்குப் போட்டிருக்கிறேன். உயிரியலில் நல்ல மதிப்பெண், வேதியியலில் சுமார்தான். "இந்தத் தடவையும் கிடைக்கலன்னா என்ன செய்யப் போறே?" என்று அப்பா தினமும் கேட்கிறார். அண்ணன் கம்ப்யூட்டர் படி என்கிறான். தோழி ஒருத்தி லேப் டெக்னீசியன் படிப்பில் சேர்ந்துவிட்டாள், என்னையும் கூப்பிடுகிறாள். வேறு எதையாவது யோசித்தாலே நர்சிங்கை நானே கைவிட்ட மாதிரி இருக்கிறது. இன்னொரு வழி வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமா? வேண்டுமென்றால் எதை, எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்:

கைவிட்ட மாதிரி இருக்கிறது என்கிறீர்களே, முதலில் அதைப் பேசிவிடலாம். நீங்கள் சேர ஆசைப்படும் வேலையில் ஒரு டூட்டி எப்படித் தொடங்குகிறது தெரியுமா? வார்டின் ஓரத்தில் ஓர் அவசர வண்டி நிற்கும். அதை இழுத்து வைத்துக்கொண்டு பார்ப்போம். அட்ரினலின் என்கிற அவசர ஊசிமருந்து ஆம்பூல் எத்தனை இருக்கிறது, எதுவும் காலாவதியாகிவிட்டதா, மூச்சுக்குழாய்க்குள் டியூப் இறக்க உதவும் லாரிஞ்சோஸ்கோப்பில் பல்பு எரிகிறதா, ஆக்சிஜன் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம், இதயத் துடிப்பைச் சீராக்க மின் அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிபிரிலேட்டரில் சார்ஜ் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவோம். பெரும்பாலான நாட்களில் அந்த வண்டியை யாரும் தொட மாட்டார்கள். ஆனால் "இப்படித் தயார் பண்ணி வைக்கிறீர்களே, இந்த நோயாளி பிழைக்க மாட்டார் என்று முடிவு கட்டிவிட்டீர்களா?" என்று இத்தனை வருடத்தில் எங்களை ஒருவரும் கேட்டதில்லை. அதனால் இன்னொரு வழி வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை அம்மா. அப்பா கேட்பதிலும் தப்பில்லை. தினமும் கேட்பதுதான் கொஞ்சம் அதிகம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 41-வது இடத்தில் நின்றதை வைத்து "எனக்குத் தகுதி இல்லை" என்று நினைத்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். உலக சுகாதார அமைப்பு 2025-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023-ல் உலகம் முழுவதும் 2.98 கோடி நர்சுகள் இருந்தார்கள். அப்படியும் 58 லட்சம் பேர் குறைவு. இவ்வளவு பற்றாக்குறை இருக்கும்போது ஆசையாக வரும் பிள்ளைகளை ஏன் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். வகுப்பறையில் நாற்காலி போடுவது சுலபம். நோயாளியின் படுக்கையருகே மாணவிக்கு இடம் கிடைப்பதுதான் கஷ்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொது நர்சிங் படிப்புக்குக் குறைந்தது 4,600 மணி நேரம் என்று விதி இருக்கிறது. அதில் பாதியாவது நேரடிப் பயிற்சியாக இருக்க வேண்டும். மணிக்கணக்கு நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் வார்டுக்குப் போகாமல் எங்கேயும் நர்ஸ் ஆக முடியாது. ஒரு வார்டில் ஒரே நேரத்தில் எத்தனை மாணவிகளை நிறுத்த முடியும்? ஊசி போடும் கையைப் பக்கத்தில் நின்று பார்க்க எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள்? சீட் கணக்கு அங்கேதான் முட்டி நிற்கிறது. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் கிடைக்காமல் போகிற படிப்பு இது. அதனால்தான் இன்னொரு வழியும் வேண்டும் என்கிறேன்.

சரி, எதை வைத்துக்கொள்வது?

சேர்க்கைக் குழுவில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். "ஏன் நர்சிங்?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் "சேவை செய்ய" என்பார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு எங்களால் எதுவும் கண்டுபிடிக்க முடியாது, நீங்களும் உங்களைப் பற்றி எதுவும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு தடவை ஒரு பையன் வந்தான். படுத்த படுக்கையாக இருந்த தாத்தாவை இரண்டு வருடம் அவன்தான் குளிப்பாட்டியிருக்கிறான். "முதுகைத் துடைக்கும்போது மட்டும்தான் சார் அவர் பேசுவார், மத்த நேரம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்" என்றான். நான் உட்கார்ந்திருப்பதையே மறந்து பக்கத்திலிருந்தவரைப் பார்த்து "சார்" என்றான் என்பது வேறு விஷயம். ஆனால் அவனுக்கு நர்சிங்கில் எது வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

உங்களுக்கு எது வேண்டும்? ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒரே நோயாளியை நாட்கணக்கில் கூட இருந்து பார்ப்பதா? உடம்பு எப்படி இயங்குகிறது என்கிற அறிவா? நெருக்கடி நேரத்தின் பரபரப்பா? வெளிநாட்டு வேலையா? நிச்சயமான சம்பளமா? கடைசி இரண்டையும் எழுத வெட்கப்பட வேண்டாம், எங்களில் பலர் அதற்காகத்தான் வந்தோம். இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுக்க அந்தத் தாள்தான் உதவும். "மருத்துவத் துறையிலேயே ஏதோ ஒன்று" என்று கண்ணை மூடிக்கொண்டு சேர்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே கட்டிடத்தில் நடந்தாலும் இந்த வேலைகள் ஒன்றுக்கொன்று அவ்வளவு வேறானவை.

உங்கள் தோழியின் லேப் படிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல படிப்பு, மரியாதையான வேலை. ஆனால் நோயாளி அங்கே பெரும்பாலும் ஒரு டியூபாகவும் அதன் மேல் ஒட்டிய லேபிளாகவும்தான் வருவார். சிலருக்கு அதுதான் நிம்மதி. அழுகையும் கோபமும் இல்லாத அறையில் மைக்ராஸ்கோப்பின் கீழே ஒரு மலேரியாக் கிருமியைக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அது சின்னதில்லை. ஆனால் உங்கள் தாளின் முதல் வரியில் "மனிதர்களோடு இருப்பது" என்று இருந்தால், நல்ல சம்பளத்திலும் அங்கே உங்களுக்கு மூச்சு முட்டும். அப்புறம் ஒன்று: நீங்கள் சுமார் என்று சொன்ன அந்த வேதியியல் லேப் படிப்பில் நர்சிங்கை விட அதிகமாகவே வரும். தோழி இதைச் சொன்னாளா?

எக்ஸ்ரே, ஸ்கேன் பிரிவில் நாள் முழுக்க மனிதர்கள் வருவார்கள், ஆனால் ஒவ்வொருவரும் சில நிமிடம்தான். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் வாசலில் நிற்பார். அவருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

டயாலிசிஸ் டெக்னீசியன் வேலை இதற்கு நேர்மாறு. சிறுநீரகம் செயலிழந்தவர் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளப் பொதுவாக வாரத்துக்கு மூன்று முறை வருவார். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். அதே ஆள், அதே படுக்கை, வருடக்கணக்கில். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது வரை தெரியும். கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்த இணைப்பு, இருக்கும் இடத்தில் விரலை வைத்தால் உள்ளே ஒரு சிலிர்ப்பு ஓடும், அது இன்றைக்கு நேற்று போல இல்லையே என்று முதலில் கவனிப்பவராகக்கூட நீங்கள் இருக்கலாம். நோயாளியோடு கூடவே இருக்க வேண்டும் என்பதற்காக நர்சிங் கேட்கும் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்வது இதைத்தான். ஆனால் வீட்டில் யாருக்கும் இந்தப் பெயரே தெரிந்திருக்காது. பிசியோதெரபியும் இதே ரகம், பலன் மெதுவாகத் தெரியும், ஆள் பழகுவார். ஆனால் அது நீண்ட படிப்பு, அதற்கும் போட்டி உண்டு. ஒரு கடினமான வாசலுக்கு மாற்றாக இன்னொரு கடினமான வாசலை வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: நர்சிங் கடைசிவரை கிடைக்கவே இல்லை, இந்த இரண்டாவது வேலையில்தான் பத்து வருடம் இருக்கப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று மணி வாரியாகச் சொல்ல முடிகிறதா? சொல்லிப் பார்க்கும்போது வயிறு கலங்காமல் இருக்கிறதா? இருந்தால் அது உங்களுக்கான மாற்று. மணி வாரியாகச் சொல்லத் தெரியவில்லை என்றால் அந்த வேலையைப் பற்றி இன்னும் விசாரிக்கவில்லை என்று அர்த்தம். யாரையாவது பிடித்து ஒரு நாள் கூட இருந்து பார்த்துவிட்டு வாருங்கள். அண்ணன் சொல்லும் கம்ப்யூட்டருக்கும் இதே கேள்விதான். மருத்துவமனைக்கு வெளியே இருப்பதாலேயே அதை ஒதுக்க வேண்டாம். பிடித்துப் போனால் நல்லதுதான். அண்ணனுக்குப் பிடித்திருக்கிறது என்பது மட்டுமே காரணமாக இருக்கக்கூடாது.

இதுவரை சொன்னது வேறு வேலைகள். நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது, என் கண்ணுக்கு அதுதான் முதலில் படுகிறது. மூன்று கல்லூரிகளுக்கும் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்புக்கே போட்டிருக்கிறீர்கள். நர்ஸ் ஆக அது ஒன்றுதான் வழியா? பல நாடுகளில் வேறு படிகளும் இருக்கின்றன. இந்தியாவில் மூன்று வருட ஜிஎன்எம் (பொது நர்சிங், பேறுகால கவனிப்பு) டிப்ளமோ முடித்தவர் நர்சிங் கவுன்சிலில் நர்சாகப் பதிவு செய்துகொள்ளலாம். பிறகு இரண்டு வருட போஸ்ட் பேசிக் படிப்பில் பட்டமும் வாங்கலாம். மொத்தம் ஐந்து வருடம், நேரடிப் பட்டத்தை விட ஒன்றே ஒன்று கூட. அமெரிக்காவில் இரண்டு வருட அசோசியேட் பட்டம் படித்தவரும் நான்கு வருடப் பட்டம் படித்தவரும் உரிமத்துக்காக எழுதுவது ஒரே என்க்ளெக்ஸ்-ஆர்என் தேர்வைத்தான். இங்கிலாந்தில் நர்சிங் அசோசியேட் என்று இரண்டு வருடப் பயிற்சி இருக்கிறது. 2019 முதல் அதற்கும் பதிவு உண்டு, அதிலிருந்து மேலே படித்து முழு நர்ஸ் ஆகலாம். வேறு பாடத்தில் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களுக்கென்று அமெரிக்காவில் ஒன்று, ஒன்றரை வருடத்தில் முடியும் துரிதப் படிப்புகளும் உண்டு.

"டிப்ளமோவா?" என்று வீட்டில் முகம் சுளிக்கக்கூடும். நோயாளிக்கு ட்ரிப் ஏற்ற நரம்பு தேடும்போது யாரும் உங்கள் சான்றிதழைப் பார்ப்பதில்லை. பதவி உயர்வின்போதும், சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போதும், ஆசிரியராக வர நினைக்கும்போதும் பட்டம் கேட்பார்கள், அதை மறைக்கவில்லை. அதற்குத்தான் மேலே ஏறப் படி இருக்கிறதா என்று சேரும் முன்னாலேயே பார்க்கச் சொல்கிறேன். என்னைக் கேட்டால் இதை மாற்று வழி என்றே சொல்ல மாட்டேன். உங்கள் முதல் திட்டத்திலேயே இது சேர்ந்திருக்க வேண்டும். மூன்று விண்ணப்பத்தில் ஒன்றாவது இப்படிப் போயிருந்தால் இந்தக் கடிதத்தை நீங்கள் எழுதியிருக்கவே மாட்டீர்களோ என்னவோ.

இங்கே ஓர் எச்சரிக்கை. கிரிமியப் போரின்போது, 1854-ல், ஜமைக்காவிலிருந்து வந்த மேரி சீகோல் லண்டனில் செவிலியர் குழுவில் சேரக் கேட்டு, மறுக்கப்பட்டார். அவர் சொந்தச் செலவில் கப்பலேறிப் போய் போர் நடந்த கிரிமியாவில் பலக்லாவா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதி அமைத்து, வீரர்களுக்குச் சாப்பாடும் மருந்தும் கொடுத்தார். எனக்கு மிகவும் பிடித்த பெண்மணி. ஆனால் இன்றைக்கு அந்த வழி கிடையாது. பதிவு இல்லாத ஒருவரை நர்ஸ் என்று பெரும்பாலான நாடுகளில் சட்டம் ஏற்காது. இது தெரிந்தே, சீட் கிடைக்காமல் மனமுடைந்த பிள்ளைகளைக் குறிவைத்து "ஆறு மாதத்தில் நர்சிங் சான்றிதழ்" என்று சிலர் வலை விரிக்கிறார்கள். அப்படி ஓர் இடத்தில் படித்துவிட்டு என்னிடம் வந்து அழுத பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருந்த தாளை வைத்து எந்தப் பதிவேட்டிலும் பெயர் சேர்க்க முடியவில்லை. எந்தப் படிப்பாக இருந்தாலும், அதை அங்கீகரிக்கும் கவுன்சிலின் பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயர், நீங்கள் சேரும் வருடத்துக்கு, இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். "அப்ளை பண்ணியிருக்கிறோம், வந்துவிடும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னும் ஒரு வருடம் காத்திருக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். எனக்கும் முதல் தடவை கிடைக்கவில்லை. சும்மா இருக்க வேண்டாமே என்று ஒரு ரசாயனப் பட்டப்படிப்பில் போய் உட்கார்ந்தேன். அந்த வருடம் வகுப்பில் நான் கற்றதென்று ஒன்றும் நினைவில் இல்லை. பாதியில் விட்டேன், கட்டிய பணம் போனது. வீட்டில் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அப்புறம் ஒரு மருத்துவமனையில் வார்டு உதவியாளராகச் சேர்ந்தேன். படுக்கை விரிப்பது, பெட்பேன் எடுப்பது, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது.

சேர்ந்து கொஞ்ச நாளில், பக்கவாதம் வந்த ஒரு பாட்டியைத் துடைத்துவிட்டுக் கொண்டிருந்தேன். குதிகாலில் ஒரு சிவப்புத் திட்டு. கொசு கடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த டூட்டியில் வந்த மூத்த சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். என் விரலைப் பிடித்து அந்தத் திட்டின் மேல் வைத்து அழுத்தினார். "எடு. வெளுக்குதா?" வெளுக்கவில்லை, சிவப்பு அப்படியே இருந்தது. "வெளுக்கலன்னா படுக்கைப்புண் ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். கறுப்பா இருக்கறவங்களுக்குச் சிவப்பே தெரியாது, தொட்டுப் பாக்கணும், அந்த இடம் மட்டும் சூடா இருக்கலாம்" என்றார். காலுக்கடியில் தலையணை வைத்து குதிகால் படுக்கையில் படாமல் தூக்கி வைத்தோம். அடுத்த வருட இன்டர்வியூவில் "ஏன் நர்சிங்?" என்று கேட்டபோது நான் அந்தக் குதிகாலைப் பற்றிச் சொன்னேன்.

அதனால் காத்திருப்பதாக இருந்தால் மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ உதவியாளர் வேலை பார்த்துக்கொண்டு காத்திருங்கள். இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பது இரண்டே மாதத்தில் தெரிந்துவிடும். ஒத்துவராது என்று தெரிந்தாலும் நல்லதுதான், நான்கு வருடம் மிச்சம். கூடவே வேதியியலைத் திரும்ப எழுத வழி இருக்கிறதா என்று பாருங்கள். அதே மதிப்பெண், அதே விண்ணப்பம், அதே மூன்று கல்லூரி என்று மறுபடி போட்டால் அதே 41-வது இடம்தான் வரும். எத்தனை முறை முயல்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். என் கணக்கில் இது இரண்டாவது, இன்னும் ஒன்று போதும். அந்தக் கணக்கை அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு அவர் தினமும் கேட்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

"முதலில் ஏதாவது அறிவியல் பட்டத்தில் சேர்ந்துகொள்கிறேன், நர்சிங்குக்கு மாறும்போது இந்தப் பாடங்கள் கணக்கில் வரும்" என்று யாராவது யோசனை சொன்னால், எந்தக் கல்லூரி, எந்தப் பாடத்தை, எத்தனை வருடம் வரை ஏற்கும் என்று எழுத்தில் கேளுங்கள். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் உடற்கூறியல், நுண்ணுயிரியல் போன்ற முன்பாடங்களுக்கு ஐந்து, ஏழு வருடம் என்று வயது வரம்பு உண்டு. பழசானால் மறுபடி படிக்க வேண்டும். பல இடங்களில் எதுவுமே கணக்கில் வராது, முதல் வருடத்திலிருந்துதான்.

தேதி விஷயத்திலும் கவனம் வேண்டும். நர்சிங் முடிவு வருவதற்கு முன்பே மற்றப் படிப்புகளுக்குக் கடைசி நாள் முடிந்துவிடக்கூடும். அதனால் மாற்று விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள். அங்கே இடம் கிடைத்துப் பணம் கட்டச் சொன்னால், பிறகு விலகினால் எவ்வளவு திரும்ப வரும், எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்று ரசீது வாங்கும் முன் கேளுங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் இடமாக இருந்தால், நர்சிங் சீட் வந்தால் அவை எத்தனை நாளில் திரும்பக் கைக்கு வரும் என்றும் கேளுங்கள். சீட் வந்தும், சான்றிதழ் வேறிடத்தில் மாட்டிக்கொண்டதால் சேர முடியாமல் போன ஒரு பெண்ணை எனக்குத் தெரியும்.

இந்தத் தடவையும் வெயிட்டிங் லிஸ்ட் என்றால், வகுப்பு தொடங்கிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். முதல் வாரத்தில் சிலர் விலகுவார்கள். சிலருக்கு வேறு இடத்தில் சீட் வந்துவிடும். சிலர் மருத்துவமனை வாசம் பிடிக்காமல் ஓடிவிடுவார்கள். அப்போது அலுவலகத்தில் இருப்பவர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகப் போன் போடுவார். ஒருவர் எடுக்கவில்லை என்றால் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பையும் எடுங்கள்.